எல்லைக்கல் வரைக்கும்

இன்னைக்காச்சும் பாலத்தை எட்டிப் பாக்காம தாண்டிரோணும். தெனமும் இதையேதான் நெனைக்கறேன், தெனமும் நடுக்கண்ணுக்கு நேரா வந்ததும் காலு தானா நின்னு போகுது. மூணு கண்ணுப் பாலம். நடுக்கண்ணுத் தூணுலதான் எல்லாம் வந்து ஒதுங்கும். வாழமட்டை, ஒத்தச் செருப்பு, செத்த ஆடு, சாமிக்குப் போட்டுக் கழட்டுன மாலை. இப்ப ஆனி மாசம், வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல, தூணுக்கு அடியில பாசி காஞ்சு வெடிச்சுக் கெடக்குது. தண்ணியே இல்லாத எடத்துல என்னத்த எட்டிப் பாக்கறே சென்னியப்பா? நட. சக்கரை எரநூத்தி நாப்பது. கைய வீசி நடங்க, நின்னு நின்னு போகாதீங்கன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. அவருக்கென்ன, குளுகுளுன்னு உக்காந்துக்கிட்டு சொல்லுவாரு. நானும் ரெண்டு வருசமா ஒரே வட்டம்தான். பாலத்தைத் தாண்டி அக்கரை மேட்டுல ஏறி, கெழக்கே எல்லைக்கல்லு வரைக்கும், அங்க இருக்கற சின்னப் பாலத்துல திரும்பி இக்கரை வந்து, வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடத்துல நடந்தா ருக்குமணி ஊட்டு வாசலு, அதைத் தாண்டுனா ஊரு. ஒரு மணி நேரம். மழை பேஞ்சாலும் நிக்கறதில்லைன்னு ஊருக்குள்ள எனக்கு நல்ல பேரு. தலையாரி வேலையில இருந்து ரிட்டையர்டு ஆனாலும் ரவுண்டு போறதை உடலைன்னு சிரிக்கறாங்க. ஏழரை மணி பஸ்ஸுக்கு ருக்குமணியோட பழனிக்குப் போறதா ஒத்துக்கிட்டிருக்கறேன். இப்ப மணி அஞ்சே முக்கால்.

பழனிக்கு எதுக்கு? காணாமப் போன அவ புருசன் நாச்சிமுத்தை யாரோ அங்க அன்னதான வரிசையில பாத்தாங்களாம், மொட்டை அடிச்சுத் தாடி வெச்சு நின்னானாம். போன பங்குனியில திருப்பூர்ல பாத்தாங்க, அதுக்கு முன்னால ஈரோடு மார்க்கெட்டுல மூட்டை தூக்கிட்டிருந்தான்னாங்க. பாத்தேன்னு சொல்றவனுக்கு வாயி வலிக்காது, இவ மட்டும் ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கிட்டு ஓடறா. நேத்துப் பொழுதோட ஊட்டுக்கே வந்து நின்னா. "ஏனுங்ண்ணா, ஸ்டேசனு, ஆபீசுன்னு உங்களுக்குப் பழக்கம். நீங்க கூட வந்தா ஒரு தெம்பா இருக்குமுங்க." நான் என்ன சொல்லோணும்? வேலை இருக்குதும்மான்னு சொல்லியிருக்கலாம். காலு வலின்னு சொல்லியிருக்கலாம். சரீம்மான்னு வாயி சொல்லிருச்சு. என்ற ஊட்டுக்காரி பாவாயி உள்ள இருந்து எட்டிப் பாத்து, "போயிட்டு வாங்க, பாவம், அவளுக்கு யாரு இருக்கறா"ன்னா. ராத்திரி எங்க தூங்கறது? விட்டத்தைப் பாத்துட்டே கெடந்தேன். காலையில சட்டை மாத்தறப்ப டிரங்குப் பெட்டியத் தொறந்து அந்தத் துணிய எடுத்து மடியில செருகிக்கிட்டேன். எதுக்கு எடுத்தேன்னு கேட்டா எனக்கே தெரியாது. நெஞ்சுல தைரியம் இல்லாதவனுக்கு கை மட்டும் எப்பிடித்தான் எடுக்குதோ. சோப்புப் போட்டுத் தொவைக்காத துணி, ஒரு சாண் நீளம், மாம்பழக் கலரு, ஓரத்துல செவப்பு. நடக்க நடக்க வயித்துல உரசிக்கிட்டே வருது.

மேட்டுத் தடம் நல்லாத்தான் இருக்குது. வலது கைப்பக்கம் வாய்க்கா, இடது கைப்பக்கம் மஞ்சக்காடு. மயிலு ரெண்டு குறுக்க ஓடுது, அதுகளைப் பாத்தாலும் இப்பெல்லாம் எரிச்சலா வருது, வெதைச்சதையெல்லாம் கொத்தித் தின்னு போட்டு ஒய்யாரமா நடக்கறது பாரு. அன்னைக்கும் இதே தடம்தான். போன ஐப்பசி, வாய்க்கா நெறையத் தண்ணி, கரைய முட்டிக்கிட்டுப் போகுது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கத் தொரட்டிய எடுத்துட்டு வந்திருந்தேன். பாலத்து மேல நின்னு எட்டிப் பாத்தேன், பனி எறங்கிக் கெடந்துது, மொதல்ல வாழமட்டைன்னுதான் நெனைச்சேன். அப்பறம் நீலச் சட்டை தெரிஞ்சுது. குப்புறக் கெடந்தான். தூணுல தோளு முட்டி, தண்ணி தள்ளத் தள்ளக் காலு மட்டும் அக்கட்டயும் இக்கட்டயும் ஆடிட்டிருந்துது. எனக்குப் பயமெல்லாம் இல்ல. முப்பத்தி ரெண்டு வருசம் தலையாரியா இருந்தவனுக்குப் பொணம் என்ன புதுசா? எனக்கு வந்தது பயமில்ல, சலிப்பு. சனியனே, இங்கதான் ஒதுங்கோணுமான்னு ஒரு சலிப்பு. நெசமாச் சொல்றேன், அதைத்தான் நெனைச்சேன். செத்தது யாரு, எந்த ஊரு, பெத்தவ இருக்கறாளா, ஒண்ணும் நெனைக்கலை.

ஏன்னா எனக்குத் தெரியும் பொணம் ஒதுங்குனா என்ன ஆகும்னு. வேலைக்குச் சேந்த மூணாம் வருசம் ஒரு பொம்பளை ஒதுங்குனா. சட்டப்படி தகவல் சொல்லிட்டுக் காவலு உக்காந்தேன். எந்த ஸ்டேசனு எல்லைன்னு அவங்களுக்குள்ள பேசி முடிக்கறதுக்கே ஒண்ணரை நாளு. நாயை ஓட்டிக்கிட்டு, ஈயை ஓட்டிக்கிட்டு, சோறு எறங்காம உக்காந்திருந்தேன். அப்பறம் சாட்சின்னு நாலு வருசம் கோர்ட்டுக்கு இழுத்தடிச்சாங்க. நான்தான் கொன்ன மாதிரி வக்கீலு மெரட்டிக் கேக்கறான். அடுத்த தடவை ஒதுங்குனப்ப மணியக்காரரு என்னைத் தனியாக் கூப்புட்டு, "தாட்டி உட்ரு சென்னியப்பா, தண்ணியோட தள்ளி உட்ரு, எல்லைக்கல்லைத் தாண்டுனா கெழக்காலூருக்காரன் பாடு"ன்னாரு. அவரு அதுக்கு ஒரு மொறையும் சொல்லிக் குடுத்தாரு. விடியறதுக்குள்ள செஞ்சரோணும். கையால தொடக் கூடாது, கம்பால தோளுல தள்ளோணும், தலையில படக் கூடாது. கூடவே கரையில நடந்து போயி எல்லை தாண்டுதான்னு பாக்கோணும், நடுவுல ஒதுங்குனா மறுபடி தள்ளோணும். முக்கியமா மூஞ்சியத் திருப்பிப் பாக்கக் கூடாது. பாத்துட்டா உட முடியாதுன்னாரு. நல்ல மனுசன்தான் அவரு, யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்காதவரு. ஊருக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான் சொன்னாரு. கெழக்காலூருக்காரனும் அவன் எல்லையில இருந்து அதையேதான் செய்வான், அது எனக்கும் தெரியும், மணியக்காரருக்கும் தெரியும்.

இதோ, இந்தப் புங்கமரத்துக்கிட்ட ஒதுங்குனான் அன்னைக்கு. வேருல சட்டை மாட்டிக்கிச்சு. தொரட்டியக் குடுத்துத் தள்ளுனேன். அப்பறம் அந்தப் படித்தொறையில. அப்பறம் மதகுக்கிட்ட, அங்கதான் வரவே மாட்டேன்னான். தண்ணி சுழிச்சுக்கிட்டு அவனைச் சுத்திச் சுத்திக் கரைக்கே கொண்டாந்து உட்டுது. காலுல தொரட்டியப் போட்டு இழுத்து, நடுத்தண்ணிக்குத் தள்ளி உட்டேன். அவன் தண்ணியில, நான் மேட்டுல, ரெண்டு பேருமா நடந்தோம். நான் அவனுக்குக் காவலா, அவன் எனக்குக் காவலான்னு தெரியாது. எல்லைக்கல்லுக்கிட்ட நின்னு, அவன் சின்னப் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வந்ததைப் பாத்துட்டு, ஒரு கும்புடு போட்டேன். கும்புடு வேற! ஊட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்தறப்ப பாவாயி கேட்டா, "ஏனுங்க, காலங்காத்தால தலைக்கு ஊத்தறீங்க?" வேர்த்துச்சுன்னேன். காப்பி குடிச்சேன், அதுல சக்கரை போட்டுக்கூடக் குடிச்சேன். தொரட்டிய மூலையில சாத்தறப்பத்தான் பாத்தேன், அருவா மூக்குல ஈரத்துணி சுத்தியிருந்துது. என்னமோ கந்தல்னு எடுத்துக் கொடியில போட்டேன். காய வெச்சேன் பாரு, அதை.

பத்து மணிக்கு ருக்குமணி ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தா. மேக்காலூருக்கு எழவுக்குப் போன மனுசன் ராத்திரி வரலைங்க, யாராச்சும் பாத்தீங்களா. அப்பக்கூட எனக்கு ஒறைக்கலை. மூணாம் நாளு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கறப்ப நான்தான் கூடப் போனேன். இன்ஸ்பெக்டரு அடையாளம் கேட்டாரு. "நீலச் சட்டை, வெள்ளை வேட்டிங்க. வலது காலு கட்டவெரல்ல ஆணி குத்திச் சீழு வெச்சிருந்துதுங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு என்ற பழைய சீலையக் கிழிச்சுக் கட்டி உட்டிருந்தனுங்க. மாம்பழக் கலருங்க." என்ற ஊட்டுக் கொடியில காஞ்சுட்டிருந்தது அதே கலருதான். இன்ஸ்பெக்டரு என்னைத்தான் பாத்தாரு. "நீ தலையாரியா இருந்தவன், தெனமும் கரைமேல நடக்கறவன். வாய்க்கால்ல எதாச்சும் ஒதுங்குச்சா?" இல்லீங்கன்னேன். ஒரே வார்த்தை. முழுசா ஒரு மூச்சுக்கூட ஆகலை அதைச் சொல்ல. அதுக்கப்பறம் ஊரே அதைப் புடிச்சுக்கிச்சு. வாய்க்கால்ல உழுந்திருந்தா நம்ம பாலத்துல ஒதுங்காம எங்க போகும், சென்னியப்பன் பாத்திருக்க மாட்டானா, அப்ப அவன் சாகலை, ஓடிட்டான். எவளோ ஒருத்திய வெச்சிருக்கறான். செத்தவன் மேல இத்தனை பேச்சும் வந்து உழுந்தது நான் சொன்ன ஒரு வார்த்தையில. அவன் பாவம், எழவுக்குப் போனவன் குளிக்காம ஊட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு வர்ற வழியில வாய்க்கால்ல எறங்கியிருப்பான். வேட்டி சட்டையோட முங்குறதுதானே. புண்ணுக் காலு வழுக்கியிருக்கும். மொறை தவறாதவன். மொறைப்படி நடந்துதான் செத்தான், மொறைப்படிதான் நானும் தள்ளி உட்டேன்.

எல்லைக்கல்லு. தொட்டுட்டுத் திரும்பறது பழக்கம், இன்னைக்குத் தொடப் புடிக்கலை. ஒரு நிமிசம் உக்காரலாம். டாக்டரு திட்டுனாத் திட்டட்டும். நான் கொன்னனா? கொல்லலை. தெரிஞ்சு செஞ்சனா? தெரியாது. எட்டு மாசமா இந்தத் தெரியாதுங்கறதைத்தான் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கறேன். இன்னைக்கு இதையும் உடைச்சுப் பாத்தரலாம். நெசமாவே தெரியாதா சென்னியப்பா? அந்தப் பொடனி. மொட்டையா வெட்டுன கிராப்பு, வலது காதுக்குப் பின்னால வெள்ளத் தழும்பு. எத்தனை நாளு டீக்கடை பெஞ்சுல அவனுக்குப் பின்னால உக்காந்திருக்கறே. மதகுக்கிட்ட அவன் சுத்தி வந்தப்ப ஒரு நொடி, நம்மூருக்காரன் மாதிரி இருக்குதேன்னு தோணுச்சா இல்லையா? தோணுச்சு. தோணுனதும் என்ன செஞ்சே? வெரசலாத் தள்ளுனே. ஒரு தடவை திருப்பிப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரியக் கூடாதுன்னுதான் திருப்பலை. சரி. சொல்லியாச்சு, கல்லுக்கிட்டயாச்சும் சொல்லியாச்சு. வேலையில இருந்தப்ப தாட்டி உட்டதையும் சேத்துச் சொல்லு. பச்சை வளையலு போட்ட ஒருத்தி. காதுல மயிரு மொளைச்ச கெழவன் ஒருத்தன். இன்னும் மூணு பேரு, அடையாளம்கூட நாபகம் இல்ல. அத்தனை பேருக்கும் மேக்க எங்கியோ ஒரு ஊருல ஒரு ருக்குமணி இருந்திருப்பா. பையைத் தூக்கிட்டு எங்கெங்க அலைஞ்சாளோ. இவளை எட்டு மாசமாக் கண்ணுல பாக்கறதுனால இவ ஒருத்தி மட்டும்தான்னு நெனைச்சுக்கிட்டேன். எந்திரி, மணி ஆகுது.

இட்டேரியில கிளுவை வேலி ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்டு நிக்குது, வெளிய ஒண்ணும் தெரியாது, ஓணான் மட்டும் தலைய ஆட்டுது. ஏன் சொல்லலை? கேசுன்னு பயமா? அறுபத்தி மூணு வயசுல என்னை என்ன செஞ்சரப் போறாங்க. ஆறாம் நாளு பேப்பர்ல வந்துது; வெள்ளாங்கரை மதகுல ஆண் சடலம், வயசு நாப்பத்தஞ்சு, நீலச் சட்டை, அடையாளம் தெரியலை. டீக்கடையில அந்தப் பக்கத்தை மடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன், யாரும் பாக்கலை. அன்னைக்குச் சொல்லியிருந்தாலும் பொணம் கெடைச்சிருக்கும். யாரும் வரலைன்னு மூணு நாளு பாத்துட்டு போலீஸ்காரங்களே பொதைச்சிருப்பாங்க. ஆனா போட்டோ இருக்கும், சட்டை இருக்கும், பொதைச்ச எடம் இருக்கும். எனக்குத் தெரியாத நடைமொறையா? போய் நின்னு கேட்டா எடுத்துக் காட்டுவாங்க. இத்தனையும் தெரிஞ்சு வாய மூடிட்டிருந்ததுக்கு நான் எனக்குச் சொல்லிக்கற காரணம் என்னன்னா, அவ பொட்டும் பூவுமா இருக்கறாளே, அதை நான் எதுக்கு அழிக்கோணும். ஆகா, என்ன கருணை. அவளோட நாத்தனா எழவு சொல்ற மாதிரி வாசல்ல நின்னு, வாழத் தெரியாதவ, புருசனைத் தொலைச்சவன்னு பேசறப்ப இந்தக் கருணை எங்க போச்சு? அவ அதுக்கும் ஒரே பதிலுதான் சொல்லுவா. "எங்க போனாலும் ஊருக்கு வந்துருவாருங்க. வராம இருக்க மாட்டாரு." தெனமும் நான் தாண்டிப் போறப்ப என்னைப் பாத்து அதைத்தான் சொல்றா. நானும் வந்துருவான் அம்மிணி, வந்துருவான்னு சொல்லிட்டு வட்டத்தை முடிச்சு ஊட்டுக்குப் போறேன். தூ. என்னைப் பாத்து நானே துப்பிக்கிட்டேன், வேலியில ஓணான் ஓடிப் போச்சு.

வாசலு தெளிச்சுக் கோலம் போட்டிருந்தா. மொடமொடன்னு கஞ்சி போட்ட சீலை, தலையில ஒரு கண்ணி மல்லி, காலடியில மஞ்சப் பை. "வந்துட்டீங்ளாண்ணா? பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது, ஒரு வாயி காப்பி குடிங்க. சக்கரை போடலைங்க." நின்னேன். அவ பையத் தொறந்து காட்டுனா. "ஒரு சட்டை வேட்டி தேச்சு எடுத்துக்கிட்டனுங்க. அங்க எந்தக் கோலத்துல இருக்கறாரோ. பஸ்ஸுல நாலு பேரு பாக்கற மாதிரி கூட்டிட்டு வரோணும்ல." காப்பி டம்ளரு என்ற கையில சுடுது. இப்பச் சொல்லலைன்னா பஸ்ஸு வந்துரும், பழனி வந்துரும், அன்னதான வரிசையில ஒவ்வொரு மொட்டைத் தலையா இவ எட்டிப் பாப்பா, நானும் பக்கத்துல நின்னு எட்டிப் பாக்கற மாதிரி நடிக்கோணும். டம்ளரைக் கீழ வெச்சேன். "பழனி வேண்டாம் அம்மிணி." அவளுக்குப் புரியலை. "ஏனுங்ண்ணா, முடியலைங்ளா?" மடியில இருந்து துணிய எடுத்து நீட்டுனேன்.

அவ வாங்கி உள்ளங்கையில விரிச்சா. செவப்பு ஓரத்தை வெரலால நீவுனா, கிழிச்ச எடத்துல நூலு தொங்குது, அதையும் நீவுனா. "நான் பல்லுல கடிச்சுக் கிழிச்சது"ன்னா. அப்பறம்தான் நிமுந்து என்னைப் பாத்தா. சொன்னேன். "வந்துட்டான் அம்மிணி. நம்ம பாலம் வரைக்கும் வந்துட்டான். நாந்தான் தாட்டி உட்டுட்டேன்." பேச ஆரம்பிச்சதுக்கப்பறம் நிறுத்த முடியலை. தொரட்டி, புங்கமரம், மதகு, எல்லைக்கல்லு, பேப்பரு, வெள்ளாங்கரை, இன்ஸ்பெக்டருகிட்டச் சொன்ன அந்த ஒரு இல்லீங்க, எல்லாத்தையும் சொன்னேன். மண்ணை வாரித் தூத்துவா, கத்துவா, ஊரு கூடும்னு நெனைச்சேன். அதுக்குத் தயாராத்தான் நின்னேன். அதுல ஒண்ணு நடந்திருந்தாலும் எனக்கு லேசா இருந்திருக்கும். அவ திரும்பி, வேப்பமரத்துக்கு அந்தாண்ட தெரியற பாலத்தைப் பாத்துட்டே நின்னா. இங்கிருந்து கூப்புட்டாக் கேக்கற தூரம்தான். "மூஞ்சியப் பாத்தீங்ளா?" இல்லைன்னேன். "எந்நேரம் இருக்குமுங்க?" அஞ்சே முக்கால் இருக்கும்னேன். "அந்நேரம் நான் இதே எடத்துல வாசத் தெளிச்சுட்டிருந்தேன்"னா.

துணிய நாலா மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. உள்ள போயி அடுப்பை அணைச்சுட்டு வந்து கதவைப் பூட்டுனா. பையத் தூக்குனா, தேச்ச சட்டைய வெளிய எடுத்து வெப்பாளோன்னு பாத்தேன், எடுக்கலை. "வெள்ளாங்கரைக்கு எந்த பஸ்ஸு?" அண்ணான்னு கூப்புடலை. "பழனி பஸ்ஸுதான், நடுவுல எறங்கோணும்"னேன். அவ முன்னால நடந்தா. நான் பத்தடி உட்டுப் பின்னால நடந்தேன்.